இசைத்தட்டு காட்டிய தீவு

தாலாட்டும் கோயில் நாதசுரமும் கேட்டு வளர்ந்த செவிக்குப் பிறர் இசை முதன்முதலில் இரைச்சலாகவே படும். இதில் நாணுவதற்கு ஒன்றுமில்லை. சீனர் வீட்டு இறுதி ஊர்வலத்தின் தாளச் சத்தம் தெருமுனையில் எழுந்ததும் காதைப் பொத்திக்கொண்ட தமிழ்ச் சிறுவர்கள் உண்டு. தைப்பூசத்து உறுமி மேளத்தைக் கேட்டு முகம் சுளித்த சீனச் சிறுவர்களும் உண்டு. ஒரே வரிசை வீடுகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தும், ஒருவர் இசை மற்றவர்க்கு வெறும் ஓசையாகவே நின்றுவிடுகிறது. பக்கத்து வீட்டு இசைக்கே இந்த நிலை என்றால், கடலுக்கு அப்பால் உள்ளதைப் பற்றிக் கேட்பானேன்? ஆயினும் எப்போதோ ஒருமுறை, எங்கோ ஒருவர் செவியில், அந்த இரைச்சல் இசையாக மாறிவிடுகிறது. மாறிய பின் அம்மனிதர் பழைய மனிதராக இருப்பதில்லை. பாலித் தீவின் இசையால் அவ்வாறு மாறிப்போன ஒருவரின் வரலாறு எண்ணிப் பார்க்கத்தக்கது.

1928ஆம் ஆண்டில் ஓடியன், பேக்கா என்னும் செருமானிய இசைத்தட்டு நிறுவனத்தார் பாலிக்கு வந்தனர். அத்தீவில் பெயர்பெற்று விளங்கிய இசைக் குழுவினரையும் பாடகரையும் கொண்டு பல தட்டுகளைப் பதிவு செய்தனர். அக்காலத் தட்டு நிமிடத்திற்கு 78 முறை சுழல்வது. ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிட இசையே அடங்கும். கோயில் திருவிழாவில் இரவெல்லாம் நீளும் இசையை மூன்று நிமிடத்துள் அடக்குவது ஆற்று வெள்ளத்தைச் செம்பில் மொள்வது போன்றது. அவ்வாறு மொண்ட தட்டுகள் பாலிக் கடைகளுக்கே விற்பனைக்கு வந்தன. வாங்குவார் இல்லை. இசைப்பெட்டி வைத்திருந்தோர் மிகச் சிலர் என்பது ஒரு காரணம். மற்றொரு காரணமும் உண்டு. மாலையில் ஊர் மண்டபத்துக்குச் சென்றால் முழுக் குழுவின் இசையையும் காசின்றிக் கேட்கலாம் என்னும்போது, கீறலோடு ஒலிக்கும் மூன்று நிமிடத்தை யார் விலை கொடுத்து வாங்குவார்? தட்டு விற்கும் முகவர் ஒருவர் மனம் வெறுத்துச் சினங்கொண்டு, எஞ்சியிருந்தவற்றை உடைத்தெறிந்தார் என்று பின்னாளில் ஒருவர் எழுதிவைத்தார். அவர்தாம் காலின் மெக்ஃபீ.

மெக்ஃபீ 1900ஆம் ஆண்டில் கனடாவின் மொன்றியல் நகரில் பிறந்தவர். பியானோ வாசிப்பதில் வல்லவர். பாரிசில் பயின்றபின் நியூயார்க்கில் இளம் இசையமைப்பாளராக வளர்ந்துகொண்டிருந்தார். உடைபடாமல் தப்பிக் கடல் கடந்த தட்டுகள் சில, நண்பர் வாயிலாக அவர் கைக்கு எட்டின. வெண்கலமும் மூங்கிலும் கலந்தெழுந்த அந்த ஒலி அவரை விடவில்லை. தாம் கற்ற இசையிலக்கணம் எதனாலும் அதனை அளக்க முடியாமற்போனதே அதற்குக் காரணமாகலாம். 1931ஆம் ஆண்டில், மானிடவியல் ஆய்வில் ஈடுபட்டிருந்த தம் மனைவி ஜேன் பெலோவுடன் பாலிக்குக் கப்பலேறினார். சில மாதம் தங்கித் திரும்புவது அவர் எண்ணம். திரும்பினார், ஆனால் ஐரோப்பாவில் இருப்புக் கொள்ளவில்லை. மீண்டும் பாலிக்கே வந்து, ஆயுங் ஆற்றுப் பள்ளத்தாக்கை நோக்கிய சாயான் என்னும் சிற்றூரில் வீடு கட்டிக்கொண்டார். இடையிடையே வெளிநாடு சென்றுவந்தது போக, 1938ஆம் ஆண்டின் இறுதிவரை அதுவே அவர் ஊராயிற்று.

மெக்ஃபீக்கு முன்னரே இத்தகைய ஒலி மேலைநாட்டை எட்டியிருந்தது. 1889ஆம் ஆண்டில் பாரிசில் நடந்த உலகப் பொருட்காட்சி, ஈபிள் கோபுரத்தால் பலரும் அறிந்தது. அதே பொருட்காட்சியில், மணிமேகலைக் காப்பியம் பெயர் சொல்லும் சாவகத்தின் சிற்றூர் ஒன்றும் மாதிரியாக அமைக்கப்பட்டிருந்தது. டச்சு ஆட்சிக்கு உட்பட்டிருந்த அந்நாட்டின் ஆடல் மகளிரும் கமெலான் இசைஞரும் அங்கே கொணரப்பட்டனர். அவர்களைக் கேட்டவர்களுள் இளைஞரான டெபுசியும் ஒருவர். அந்த இசை அவர் உள்ளத்தில் நெடுங்காலம் தங்கி, 1903இல் 'பகோடாக்கள்' என்னும் பியானோ இசையாக வெளிப்பட்டது. டெபுசி தம் வாழ்நாளில் சாவகத்தைக் கண்டதில்லை. செவி கவர்ந்ததைத் தம் மொழியில் எழுதினார்; கலைஞனுக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் அந்த வெண்கலத்தைத் தட்டியவர் யார், எந்தத் தெய்வத்துக்காக, எந்த நாளில் என்னும் வினாக்கள் பொருட்காட்சி வாயிலிலேயே நின்றுவிட்டன. மெக்ஃபீயின் தேடல் அந்த வினாக்களிலிருந்தே தொடங்குகிறது.

கமெலான் என்பது தனி ஒரு கருவியின் பெயரன்று. ஒரு குழுவாக வார்க்கப்பட்ட கருவிகளின் தொகுதிக்குப் பெயர். வரிசையாகக் கட்டிய வெண்கலத் தகடுகள், அவற்றின் அடியில் ஒலியை வளர்க்கும் மூங்கில் குழாய்கள், கவிழ்த்த கிண்ணம் போன்ற சிறு கோங்குகள், நம் கோயிற் சேகண்டியைப் பன்மடங்கு பெரிதாக்கினாற்போன்ற பெருங்கோங்கு, குழுவை நடத்திச்செல்லும் இரு முழவுகள், சிறு தாளங்கள், புல்லாங்குழல் ஆகியன அதனுள் அடங்கும். ஓர் ஊரின் கமெலானிலிருந்து ஒரு கருவியை எடுத்து மற்றோர் ஊரின் கமெலானில் வைத்து வாசிக்க இயலாது. ஒவ்வொரு தொகுதிக்கும் அதனதன் சுருதி. கருவிகளைத் தாண்டிச் செல்லல் ஆகாது; அவற்றுக்குப் பூவும் படையலும் இடுவர். ஆயுத பூசையன்று வீணைக்கும் மிருதங்கத்துக்கும் பொட்டிடும் மரபுடையோர்க்கு இது எளிதில் விளங்கும்.

ஆனால் சுருதி பற்றிய செய்தி அவ்வளவு எளிதில் விளங்குவதன்று. பாலிக் கமெலானில் தகட்டுக் கருவிகள் இணை இணையாக அமைந்திருக்கும். இணையில் ஒன்றன் ஒலி மற்றதன் ஒலியைவிட மிகச் சிறிதளவு தாழ்ந்திருக்குமாறு வேண்டுமென்றே செய்துவைப்பர். தாழ்ந்தது பெங்கும்பாங், உயர்ந்தது பெங்கிசெப். இரண்டையும் ஒருங்கே தட்டும்போது அவ்விரு ஒலிகளும் ஒன்றையொன்று மோதி, ஒலி விட்டுவிட்டு அதிர்கிறது. காற்றில் அலை எழுவது போன்ற அவ்வதிர்வை ஓம்பாக் என்பர். மலாய்மொழி அறிந்த நம்மவர்க்கு அச்சொல்லின் பொருள் அலை என்று சொல்லவேண்டியதில்லை. சுருதி சேர்ந்த தம்புராவில் பழகிய காது இதனைப் பிழை என்றே முதலில் கொள்ளும். பாலியரோ, இரு கருவிகளும் ஒரே சுருதியில் அமைந்துவிட்டால் ஒலி உயிரற்றுப் போயிற்று என்பர். வேறுபாட்டை நீக்கினால் அவர்கள் இசை மாய்ந்துவிடும். கமெலான் சிலவற்றில் வழங்கும் ஐந்து சுர வரிசையைக் கேட்கும் தமிழர்க்கு மோகனம் நினைவுக்கு வரும். சற்று நேரத்தில் அது மோகனம் அன்று என்பதும் தெரிந்துவிடும். சுரங்களுக்கிடையே உள்ள தொலைவு வேறு. ஒத்திருக்கிறதே என்னும் மகிழ்ச்சியோடு நின்றுவிடுவோர் பலர். ஒவ்வாத இடத்தில்தான் பாலியின் இசை தொடங்குகிறது.

மற்றொரு நுட்பமும் உண்டு. பாலி இசையின் மின்னல் வேகத்தைத் தட்டில் கேட்டவர்கள், ஒரு மனிதனின் கை இவ்வளவு விரைவாக இயங்குமா என்று வியந்தனர். இயங்காது. ஓர் உரலில் இருவர் உலக்கை மாற்றிப் போட்டு நெல் குத்துவது போல, ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் தட்டுகிறார். போலோஸ் என்னும் பகுதியை ஒருவரும் சங்ஸே என்னும் பகுதியை மற்றொருவரும் ஏற்க, இரண்டும் பின்னிப் பிணைந்து ஒரே இசையோட்டமாகக் கேட்கிறது. ஒருவர் பங்கைத் தனியே கேட்டால் பல் விழுந்த சீப்புப் போல் இருக்கும். இதனைக் கோத்தேகான் என்பர். மூன்று நிமிடத் தட்டைக் கேட்டு இதனை உய்த்துணர்தல் அரிது; அவர்கள் நடுவே அமர்ந்து, ஒரு பங்கை ஏற்று வாசித்துத் தடுமாறினால்தான் புலப்படும். மெக்ஃபீ அதற்காகவே தம் ஆண்டுகளைச் செலவிட்டார்.

அவர்க்கு வழிகாட்டியவர்கள் அரசரோ அதிகாரிகளோ அல்லர். கூட்டா என்னும் ஊரைச் சேர்ந்த லோட்ரிங், அந்நாளில் பாலியில் சிறந்து விளங்கிய இசையமைப்பாளர். 1928இல் தட்டில் பதிவானவற்றுள் அவருடைய குழுவின் இசையும் உண்டு. பெலியாத்தான் ஊரைச் சேர்ந்த மாடே லெபா மெக்ஃபீயின் மோட்டார் வண்டியை ஓட்டியவர், தேர்ந்த இசைஞர். வண்டியில் ஏறும்போது ஓட்டுநர், இறங்கி அமர்ந்ததும் ஆசிரியர். இந்த மாற்றத்தை இயல்பாக ஏற்றுக்கொண்டதில் மெக்ஃபீயின் பெருமை பாதி அடங்கியிருக்கிறது என்று கூறினாலும் மிகையாகாது. அவர் தம் மேலை இசையைப் பாலியர்க்குக் கேட்பித்தபோது, அதில் தாளத்தைக் காணாமல் அவர்கள் குழம்பியதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார். இரைச்சல் என்னும் தீர்ப்பு ஒரு திசையில் மட்டும் வழங்கப்படுவதில்லை.

சாயானில் நிகழ்ந்தவற்றுள், கற்பிக்கும் தொழிலில் உள்ளோர் கருதத்தக்கது சிறுவர் குழுவின் கதை. பழைய அங்குலோங் வகைக் கருவித் தொகுதி ஒன்று மெக்ஃபீக்குக் கிடைத்தது. தம் வீட்டைச் சுற்றித் திரிந்த சிறுவர்களிடம் அதனை ஒப்படைத்து, அவர்களுக்கு ஓர் ஆசிரியரையும் அமர்த்தினார். அவ்வாசிரியர் கற்பித்த முறையை அவர் வியப்போடு விரித்துரைக்கிறார். ஆசிரியர் விளக்கம் ஒன்றும் சொல்வதில்லை. இசையை முழுவதும் வாசிக்கிறார். பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கின்றனர். மீண்டும் வாசிக்கிறார். பின் ஒரு சிறு துண்டு, அதனைப் பிள்ளைகள் பற்றிக்கொள்கின்றனர், அடுத்த துண்டு. தவறினால் அதட்டல் இல்லை, மீண்டும் வாசித்துக் காட்டுவதே திருத்தம். குறிப்பேடும் இல்லை, சுரம் எழுதிய பலகையும் இல்லை. கருவிக்கு எதிர்ப்புறம் அமர்ந்து, தகடுகளைத் தலைகீழாகவே வாசித்துக் காட்டும் ஆற்றல் பாலி ஆசிரியர்க்கு உண்டு. ஆடல் கற்பிப்பவரோ பிள்ளையின் பின்னே நின்று, அதன் கைகளைப் பற்றித் தாமே அசைப்பார். நாளடைவில் அசைவு பிள்ளையின் உடலுக்குச் சொந்தமாகிவிடும். சில மாதங்களில் அச்சிறுவர்கள் கோயில் விழாவில் வாசித்தனர். 'சிறு மனிதரின் சங்கம்' என்னும் பொருள்படும் தலைப்பில் இக்கதையைச் சிறுவர்க்கான நூலாக மெக்ஃபீ 1948இல் வெளியிட்டார். ஓயாமல் விளக்கம் சொல்லிப் பழகிய ஆசிரியர்கள் அந்த மௌன ஆசிரியரை எண்ணிச் சற்றே பொறாமை கொள்ளலாம்.

இவ்வரலாற்றில் இனிமை மட்டுமே உண்டு என்று எண்ணிவிடலாகாது. மெக்ஃபீ கால்வைத்த பாலி, டச்சுப் படையால் அண்மையில்தான் வீழ்த்தப்பட்ட நாடு. 1906இல் பாடுங் அரச குடும்பத்தாரும் 1908இல் குளுங்குங் அரச குடும்பத்தாரும், பணிவதினும் மாள்வதே மேல் எனத் துணிந்து, துப்பாக்கிகளின் முன் சென்று மடிந்தனர். அரண்மனைகள் வறுமையுற்றன, அவை போற்றி வளர்த்த நுண்ணிய இசைக்குழுக்கள் சிதறின. அதே காலத்தில், 1915ஆம் ஆண்டையொட்டி வட பாலியில் கெபியார் என்னும் புதிய இசைநடை தோன்றிற்று. வெடித்தெழும் வேகமும் பகட்டும் கொண்ட அது இளைஞரைப் பற்றிக்கொண்டது. ஊர்தோறும் பழைய தொகுதிகளை உருக்கிப் புதிய கெபியார்க் கருவிகளாக வார்த்தனர். மெக்ஃபீ இதனைக் கண்டு வருந்தினார். அரண்மனைப் பள்ளியறையின் அருகே ஒலித்த செமார் பெகுலிங்கான் என்னும் மெல்லிசைக்கு மீண்டும் ஒரு குழு அமையத் தம் பொருளைச் செலவிட்டார்.

இங்கே ஒரு வினா எழுகிறது. பிறர் பண்பாட்டைக் காதலிப்பவர், அது மாறாமல் அப்படியே இருக்கவேண்டும் என விரும்புவதற்கு என்ன உரிமை உடையவர்? கெபியாரைப் படைத்தவரும் பாலியரே. உருக்கியது அவர்தம் வெண்கலம். அந்தத் துணிவே அவர்தம் கலையை உயிரோடு வைத்தது. மறுபுறம், உருகிப்போன இசையின் சுவடேனும் இன்று கிடைக்கிறதென்றால் அதற்கு அந்த வெளிநாட்டாரின் வருத்தமும் ஒரு காரணம். இரண்டும் உண்மை. மெக்ஃபீ தம் வருத்தத்தைக் கட்டளையாக்கவில்லை என்பதும் கருதத்தக்கது. எழுதினார், பயின்றார், வாசிக்க விரும்பியவர்க்குக் கருவி தந்தார்.

அவர் கொடுத்த விலை சிறிதன்று. 1936இல் மெக்சிகோவில் இருந்தபோது, பாலி இசையை மேலைநாட்டு வாத்தியங்களில் இழைத்துத் 'தாபு-தாபுகான்' என்னும் படைப்பை எழுதி அந்நாட்டிலேயே அரங்கேற்றினார். நியூயார்க் அதனைக் கேட்க 1953ஆம் ஆண்டு வரவேண்டியிருந்தது. மணவாழ்வு முறிந்தது. அமெரிக்கா திரும்பியபின் வறுமையும் மனச்சோர்வும் சூழ்ந்தன. சொந்தமாக இசையமைப்பது அருகிப்போயிற்று. 1941இல் தாம் பியானோவுக்கு எழுதிய பாலி இசையை ஆங்கிலேய இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டனோடு சேர்ந்து வாசித்துத் தட்டில் பதிவு செய்தார். பிரிட்டன் பின்னர் 1956இல் தாமே பாலிக்குச் சென்று கேட்டார். மெக்ஃபீயோ பாலிக்குத் திரும்பவேயில்லை. அவரால் ஆடல் பயில அனுப்பப்பட்ட சாயான் சிறுவன் சம்பி, 1952இல் பெலியாத்தான் குழுவோடு அமெரிக்கா சென்று ஆடிப் புகழ்பெற்றான். ஊர் திரும்பி, 1954இல் கொலையுண்டு இறந்தான். மெக்ஃபீ 1964இல் லாஸ் ஏஞ்சலிசில் காலமானார். வாழ்நாள் உழைப்பாகிய 'பாலியில் இசை' என்னும் பெருநூல் 1966இல் வெளிவந்தது. அதனை அச்சில் காண அவர் இல்லை.

அந்த 1960களில்தான் 'உலக இசை' என்னும் தொடர் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் வழங்கத் தொடங்கிற்று. கனெக்டிகட் மாநிலத்து வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராயிருந்த இராபர்ட் பிரவுன் அத்தொடரை முதலில் ஆண்டவர் என்பர். அவர் மிருதங்கத்தை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றவர், கமெலானிலும் தோய்ந்தவர். வீணை தனம்மாளின் பேரரும் பாலசரசுவதியின் உடன்பிறப்பினருமான ரங்கநாதன், விஸ்வநாதன் ஆகிய இருவரும் அங்கே சென்று கற்பித்தனர். அந்தப் பள்ளியிலிருந்து வந்தவரே ஜான் ஹிக்கின்ஸ். 1939இல் பிறந்து 1984இல் வண்டி மோதி மறைந்த அவரை, ஹிக்கின்ஸ் பாகவதர் என்றே தமிழுலகம் கொண்டாடிற்று. திருவையாற்றில் அவர் பாடியதைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தோம். வெள்ளைக்காரர் ஒருவர் நம் இசையைப் பயின்று பிழையின்றிப் பாடினார் என்பதில் நமக்கு அத்துணைப் பெருமை! பிறர் இசை ஒன்றை அவ்வாறு பயின்று, அவர்தம் கோயில் முன்றிலில் அமர்ந்து வாசித்து, அவர்களை மகிழவைத்த தமிழர் எத்தனை பேர் என்று எண்ணத் தொடங்கினால் விரல்கள் விரைவில் நின்றுவிடுகின்றன.

அதற்குப் பாலிவரை செல்லவும் வேண்டியதில்லை. திரெங்கானு அரண்மனையில் ஒலித்துவந்த மலாய்க் கமெலான், 1942இல் சுல்தான் சுலைமான் மறைந்ததோடு ஓய்ந்தது. கருவிகள் அரண்மனைக்குள்ளேயே மறக்கப்பட்டுக் கிடந்தன. 1966இல் அவை மீண்டும் கண்டெடுக்கப்பட்டு, முதுமையடைந்திருந்த பழைய கலைஞர்கள் தேடி அழைக்கப்பட்டனர். 1969இல் கோலாலம்பூரில், மலாயாப் பல்கலைக்கழகத்தில், பொதுமக்கள் முன்னிலையில் அது ஒலித்தது. அதே பல்கலைக்கழகத்தில் தமிழ் பயின்றோரும் இருந்தனர்.

உடைந்த தட்டுகளின் கதைக்கு ஒரு பின்னுரை உண்டு. செருமனியிலிருந்த மூலப் பதிவுகள் அழிந்துபோயின; ஆனால் மெக்ஃபீ சேர்த்துவைத்த தட்டுகள் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் தப்பிக் கிடந்தன. வேறு சில, பல நாடுகளின் காப்பகங்களில் தூசி படிந்திருந்தன. இந்த நூற்றாண்டில் எட்வர்ட் ஹெர்ப்ஸ்ட் என்னும் அமெரிக்க இசையாய்வாளர், பாலியறிஞர் பலரோடு சேர்ந்து அவற்றைத் தேடித் தொகுத்தார். நூற்றுக்கு மேற்பட்ட பதிவுகள் தூய்மை செய்யப்பட்டுப் பாலிக்கே திரும்பின. வாங்க ஆளில்லாத அதே மூன்று நிமிடங்களை, அன்று வாசித்தவர்களின் மக்களும் பேரர்களும் சுற்றியமர்ந்து கேட்டனர். யாருடைய குரல், எந்த ஊர்க் குழு, எவர் கை முழவு என்று முதியவர்கள் அடையாளம் சொன்னார்கள். ஊரார் மறந்துவிட்ட நடைகளை இளைய இசைஞர்கள் அவற்றிலிருந்து பயின்றனர். ஒரு துண்டைக் கேட்கின்றனர், வாசித்துப் பார்க்கின்றனர், பிடிபடவில்லை. பழைய தட்டு விளக்கம் ஒன்றும் சொல்வதில்லை. மீண்டும் வாசித்துக் காட்டுகிறது.